சம்பளத்துக்கு எழுதிய சிம்பொனிகள்

ஐரோப்பிய இசை வரலாற்றில் ஏறத்தாழ 1750 முதல் 1820 வரையிலான காலம் செவ்வியல் காலம் எனப்படுகிறது. ஜோசப் ஹைடன், மொசார்ட், பீத்தோவன் மூவரும் அதன் முதன்மையான பெயர்கள். வியன்னா அதன் தலைநகரம். இன்று உலகெங்கும் மேடையேறும் சிம்பொனி, குவார்டெட், பியானோ சொனாட்டா, பியானோ கான்செர்ட்டோ ஆகியவை இந்த எழுபது ஆண்டுகளில்தான் முழு உருவம் பெற்றன. இந்த இசைக்கு அறிமுகமாக எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் வடிவ இலக்கணத்திலிருந்தே தொடங்குகின்றன. அந்த வடிவங்களோ சம்பளம், சீருடை, கெடு, கைக்கு அகப்பட்ட கருவிகள், எதிரே உட்கார்ந்து வாசித்த கலைஞர்கள் ஆகியவற்றுக்கு நடுவே உருவானவை. இசைஞரின் அன்றாடப் பணியை அறிந்தால் இசையின் அமைப்பும் தானே விளங்கிவிடும். முப்பது ஆண்டுகள் ஒரே குடும்பத்திடம் வேலை பார்த்த ஹைடனின் தொழில் வாழ்வு அதற்கு மிகத் தெளிவான சான்று.

தொழில் பழகிய விதம்

ஹைடன் 1732 மார்ச் 31 அன்று ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ரோராவ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. தாய் ஊர்ப் பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். தந்தைக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஆனாலும் கேள்வி ஞானத்தில் ஹார்ப் வாசிப்பார். ஆறு வயதளவில் ஹைன்பர்க் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த உறவினரிடம் ஹைடன் அனுப்பப்பட்டார். அங்கே பாட்டு, வயலின், கீபோர்டு என்று கிடைத்ததையெல்லாம் கற்றார். சில ஆண்டுகளில் வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயப் பாடகர் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. குரல் உடைந்ததும் அந்த வேலை போயிற்று. பதினேழு, பதினெட்டு வயதில் கையில் காசில்லாமல் நகரத்தில் நின்றார்.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் பெற்ற பயிற்சிக்குக் கல்லூரி கிடையாது. ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் சிறு அறை எடுத்துக்கொண்டார். குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார், தெருவில் இரவிசை வாசித்தார், தேவாலயங்களில் கூலிக்கு வயலின் வாசித்தார். இத்தாலிய ஆசிரியர் போர்ப்போரா பாட்டு வகுப்பு நடத்தும்போது பக்கத்தில் அமர்ந்து கீபோர்டு வாசித்தார். அவருக்கு ஏவல் வேலை செய்வதும் அந்தப் பணியில் அடக்கம். இசையமைப்பையும் இத்தாலிய மொழியையும் பாடும் முறையையும் அவரிடமே கற்றுக்கொண்டார். ஃபுக்ஸ் எழுதிய எதிரிசை (பல குரல்களைப் பின்னும் முறை) இலக்கண நூலைத் தனியாகப் படித்தார். கார்ல் பிலிப் இமானுவேல் பாக்கின் சொனாட்டாக்களை வாசித்து வாசித்து மனத்தில் ஏற்றினார். அதே கட்டடத்தில் குடியிருந்த மரியானா மார்ட்டினெஸ் என்ற சிறுமிக்கும் அப்போது அவர் கீபோர்டு கற்பித்தார். அந்தச் சிறுமி பின்னாளில் வியன்னாவின் மதிப்புக்குரிய இசையமைப்பாளராக விளங்கினார். 1773இல் பொலோனா நகரத்து இசைக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1750களின் பிற்பகுதியில் மோர்சின் என்ற பிரபு ஹைடனைத் தம் இசைக் குழுவின் தலைவராக அமர்த்தினார். முதல் சிம்பொனி அங்கே பிறந்தது. பிரபுவுக்குப் பணமுடை வந்து குழு கலைந்தபோது, ஹங்கேரியின் பெருஞ்செல்வ இளவரசர் குடும்பமான எஸ்டர்ஹாசி அவரை அழைத்தது.

ஒப்பந்தம்

1761 மே 1 தேதியிட்ட வேலை ஒப்பந்தம் இன்றும் உள்ளது. செவ்வியல் கால இசைஞரின் நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. பதவி துணைக் கபெல்மைஸ்டர், அதாவது அரண்மனை இசைக் குழுவின் துணைத் தலைவர். ஆண்டுச் சம்பளம் 400 கில்டர். அதோடு அலுவலர் பந்தியில் சாப்பாடு, அல்லது அதற்கு ஈடாகப் படி. 14 விதிகள். சீருடையும் வெள்ளைக் காலுறையும் அணிந்து, தலைமுடிக்குப் பவுடர் பூசி வரவேண்டும். முற்பகலும் பிற்பகலும் முன்கூடத்தில் காத்திருந்து, இன்று இசை வேண்டுமா என்று இளவரசரின் கட்டளையைக் கேட்டறிய வேண்டும். இசைஞர்களுக்குள் சச்சரவு வந்தால் தீர்த்துவைக்க வேண்டும். கருவிகளையும் நோட்டுச் சுவடிகளையும் பாதுகாக்க வேண்டும். பாடகிகளுக்குப் பயிற்சி தர வேண்டும். எழுதும் இசையெல்லாம் இளவரசருக்கே உரியது. வெளியாருக்குப் படி எடுத்துத் தரக் கூடாது, அனுமதியின்றிப் பிறருக்கு எழுதவும் கூடாது.

சீருடை விதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஹைடனை வேலைக்காரராக நடத்தினார்கள் என்று சொல்வது பாதி உண்மை. இதே ஒப்பந்தம்தான் அவர் கையில் நல்ல வாசிப்பாளர்கள் நிறைந்த ஒரு குழுவை ஒப்படைத்தது. எழுதியதை மறுநாளே வாசிக்கக் கேட்கும் வாய்ப்பு அன்றைய ஐரோப்பாவில் மிகச் சிலருக்கே இருந்தது. குழுத் தலைவர் என்ற முறையில் தம்மால் சோதனை செய்ய முடிந்தது, எது கேட்பவரைத் தொடுகிறது, எது சோர்வடையச் செய்கிறது என்று கவனித்துச் சேர்க்கவும் வெட்டவும் துணியவும் முடிந்தது என்று முதுமையில் அவர் தம் வரலாற்றை எழுதியவரிடம் கூறினார். வெளி உலகத்திலிருந்து ஒதுங்கி இருந்ததால் தமக்கெனத் தனிவழி காண நேர்ந்தது என்பதும் அவர் கூற்றே.

குழுவும் கருவிகளும்

எஸ்டர்ஹாசி குடும்பத்தின் ஐசென்ஸ்டாட் அரண்மனையில் தொடக்கத்தில் இருந்த குழு ஏறத்தாழ 15 பேர் கொண்டது. ஒரு சில வயலின்கள், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், புல்லாங்குழல், இரண்டு ஓபோ, பசூன், இரண்டு ஹார்ன். ஹைடன் முதல் ஆண்டிலேயே எழுதிய 6, 7, 8ஆம் சிம்பொனிகள் காலை, நண்பகல், மாலை என்று பெயர் பெற்றவை. அவற்றில் வயலினுக்கும் செல்லோவுக்கும் புல்லாங்குழலுக்கும், ஏன், பின்வரிசையில் நிற்கும் டபுள் பாஸுக்கும்கூடத் தனி வாசிப்பு இருக்கிறது. புதிதாக வந்த தலைவர் தம் குழுவினர் ஒவ்வொருவருக்கும் இளவரசர் முன்னால் திறமை காட்ட இடம் கொடுத்திருக்கிறார். வயலின் கலைஞர் லூயிஜி தொமாசினி, செல்லோ கலைஞர் யோசப் வைகல் ஆகியோரின் கைத்திறன் அந்த நோட்டுகளில் இன்றும் தெரிகிறது. வைகலுக்காக எழுதப்பட்டதாகக் கருதப்படும் சி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ நெடுங்காலம் காணாமற்போய், 1961இல் பிராக் நகரில் கிடைத்தது.

குழுவுக்கு முன்னால் கோல் பிடித்து நிற்கும் கண்டக்டர் அக்காலத்தில் இல்லை. முதல் வயலின் வாசிப்பவரோ கீபோர்டில் அமர்ந்தவரோ வாசித்துக்கொண்டே நடத்துவார். வயலினில் ஆட்டுக் குடலால் ஆன தந்திகள்; ஓசை இன்றைய உலோகத் தந்தியைவிட மென்மையானது. பியானோ மரச் சட்டத்தில் அமைந்தது, ஏறத்தாழ ஐந்து ஸ்தாயி கொண்டது, சுத்தியல்களுக்குத் தோல் போர்த்தியது. ஒலி விரைவில் அடங்கிவிடும். ஆகவே சொல் தெளிவாக விழுவது போல ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துக் கேட்கும். அக்காலப் பியானோ இசையில் குறுகிய, தெளிவான தொடர்கள் மிகுந்திருப்பதில் கருவியின் பங்கு பெரிது.

ஹார்னும் ட்ரம்பெட்டும் வால்வு இல்லாதவை. நீண்ட குழாயில் இயல்பாக எழும் ஸ்வரங்களை மட்டுமே ஊத முடியும். சுருதி மாற வேண்டுமானால் வேறு நீளமுள்ள வளைகுழாயைச் செருக வேண்டும். டிம்பனி இரண்டே இருக்கும். ஒன்று ஸட்ஜத்துக்கு, மற்றது பஞ்சமத்துக்கு. எந்தக் கருவியால் எதைத் தர முடியாது என்பதை அறிந்துதான் அக்கால இசையமைப்பாளர் பேனாவை எடுத்தார்.

அன்றாட வேலை

1762இல் பட்டத்துக்கு வந்த இளவரசர் நிக்கோலஸ் இசையில் தீராத பற்றுடையவர். பாரிட்டன் என்ற அரிய கருவியை அவரே வாசிப்பார். முன்பக்கத் தந்திகளை வில்லால் வாசிக்கும்போது பின்பக்கத் தந்திகள் கூடவே அதிரும். அவற்றைக் கட்டைவிரலால் மீட்டவும் செய்யலாம். அதற்கான இசையைப் போதிய அளவு எழுதவில்லை என்று 1765இல் ஹைடனுக்கு எழுத்து மூலம் கண்டிப்பு வந்தது. பிறகு பாரிட்டன், வியோலா, செல்லோ மூன்றுக்குமாக 120க்கும் மேற்பட்ட மூவர் இசைகளை அவர் எழுதினார். அதே காலத்தில் தம் படைப்புகளுக்கு ஒரு பட்டியலையும் தொடங்கினார். இன்று ஆய்வாளர்கள் அவர் படைப்புகளை அடையாளம் காண அது பேருதவி செய்கிறது.

1766 முதல் ஹைடன் முழுக் கபெல்மைஸ்டர். சதுப்பு நிலத்தில் இளவரசர் எழுப்பிய எஸ்டர்ஹாசா அரண்மனையில் ஓபரா அரங்கும் பொம்மலாட்ட அரங்கும் வந்தன. 1780களில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஓபராக் காட்சிகள் நடந்தன. பிறர் எழுதிய ஓபராக்களைத் தேர்ந்து, தம் பாடகர்களின் குரலுக்கு ஏற்ப வெட்டி, சேர்த்து, ஒத்திகை பார்த்து, மேடையில் நடத்துவது ஹைடனின் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியைக் கையால் படி எடுக்க வேண்டும். யோசப் எல்ஸ்லரும் பின்னர் அவர் மகன் யோஹானும் ஹைடனுக்காகச் செய்த படியெடுப்பு வேலை இல்லாமல் அந்த இசை வெளியே போயிருக்காது.

எஸ்டர்ஹாசாவில் இடநெருக்கடி காரணமாகப் பெரும்பாலான இசைஞர்களுக்குக் குடும்பத்தை அழைத்து வர அனுமதியில்லை. 1772இல் இளவரசர் அங்கே தங்கும் காலத்தை நீட்டிக்கொண்டே போனபோது ஹைடன் 45ஆம் சிம்பொனியை எழுதினார். அதன் இறுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்து, மெழுகுவத்தியை அணைத்து, எழுந்து போக வேண்டும். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சும். இளவரசர் குறிப்பறிந்து ஊருக்குப் புறப்பட ஆணையிட்டார் என்று பழைய வரலாறு சொல்கிறது. தொழில் அறிந்தவர் இதில் கவனிப்பது இன்னொன்று. அந்த சிம்பொனி எஃப் ஷார்ப் மைனர் என்ற வழக்கத்தில் இல்லாத சுருதியில் அமைந்தது. அதற்குப் பொருந்தும் வளைகுழாய் அரண்மனை ஹார்ன்களுக்கு இல்லை; அரை ஸ்வரம் இறக்கும் துணைக் குழாய்களை அந்த அக்டோபரில் புதிதாகச் செய்விக்க வேண்டியிருந்தது. சக இசைஞர்களுக்காக ஹைடன் அவ்வளவு தூரம் மெனக்கெட்டிருக்கிறார்.

ஒத்திகை குறித்த ஒரு கடிதம்

1768இல் ஸ்வெட்டல் மடாலயத்துக்காக ஹைடன் ஒரு பாடல் தொகுதி எழுதி அனுப்பினார். தாம் நேரில் போக இயலாததால் வாசிப்பவர்களுக்கு விரிவான கடிதம் ஒன்றை இணைத்தார். மென்மையான ஒலிக்கும் மிக மென்மையான ஒலிக்கும், உரத்ததற்கும் மிக உரத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட வேண்டும் என்கிறார். வியோலாவுக்கு இருவரை அமர்த்தச் சொல்கிறார். நடுக்குரல் சில இடங்களில் மேல்குரலைவிட நன்றாகக் கேட்க வேண்டும் என்பது அவர் காரணம். எல்லா வயலின்காரர்களும் ஒரே நேரத்தில் தாள் புரட்டும்படி படி எடுக்கக் கூடாது என்கிறார். குறைந்தது மூன்று நான்கு ஒத்திகையாவது வேண்டும் என்று கேட்கிறார். வாசிக்கப் போகிறவர்களையும் இடத்தையும் அறியாமல் எழுதியது வேலையைக் கடினமாக்கியது என்றும் முடிவில் குறிப்பிடுகிறார். ஆளும் அரங்கும் தெரிந்து எழுதுவதே அக்கால இசையமைப்பின் அடிப்படை என்பதற்கு அவர் கையெழுத்தே சாட்சி.

வடிவம்

முந்திய பரோக் காலத்தில் ஒரே உணர்வில், தொடர்ந்து ஓடும் தாள நடையில் ஓர் இசைப்பகுதி முழுவதும் அமைவது வழக்கம். பல குரல்கள் பின்னிச் செல்லும். செவ்வியல் காலத்தில் மெட்டு முன்னுக்கு வந்தது. நான்கு பார் (தாளக் கட்டம்) கேள்வி, நான்கு பார் பதில் என்று தொடர்கள் சமனாக அமைந்தன. ஒரே பகுதிக்குள் மாறுபட்ட உணர்வுகள் எதிரெதிரே வந்தன. மன்ஹைம் நகர ஆர்கெஸ்ட்ரா யோஹான் ஸ்டாமிட்ஸின் பயிற்சியில் படிப்படியாக ஒலி பெருக்கும் கலையில் பெயர் பெற்றது. ஒலியளவே இசையின் ஓர் அங்கமாயிற்று.

சிம்பொனியும் குவார்டெட்டும் பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்டவை: விரைவான முதற்பகுதி, நிதானமான இரண்டாவது, மினுவெட் என்ற நடன நடையில் மூன்றாவது, துள்ளலான இறுதி. முதற்பகுதியின் அமைப்பே சொனாட்டா வடிவம். கர்நாடகக் கச்சேரியில் ஆதார ஸட்ஜம் தொடக்கம் முதல் முடிவு வரை நிலைத்து நிற்கும். இங்கே ஸட்ஜமே இடம் பெயரும். முதலில் தொடக்க சுருதியில் ஒரு கருத்து நிறுவப்படும். பிறகு இசை நகர்ந்து, பஞ்சமத்தைப் புதிய ஸட்ஜமாக்கிக்கொண்டு அங்கே தங்கும். நடுப்பகுதியில் முன்பு கேட்ட கருத்துகள் துண்டுகளாகிப் பல சுருதிகளில் அலையும்; இறுக்கம் ஏறும். மூன்றாம் பகுதியில் தொடக்க சுருதி மீளும். முன்பு வெளியே கேட்ட பொருளும் இப்போது சொந்த சுருதியில் கேட்கும். ராக ஆலாபனையில் கிரக பேதத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த நகர்வு எளிதில் பிடிபடும். அங்கே அது கணநேர அலங்காரம். இங்கே முழுக் கட்டடமும் அதன்மீது நிற்கிறது.

கருவிகளின் எல்லையும் இதற்குத் துணை செய்தது. வால்வில்லாத ட்ரம்பெட்டும் டிம்பனியும் தொடக்க சுருதியில்தான் முழு வீச்சில் ஒலிக்கும். இசை வெளியே அலையும்போது அவை அடங்கியிருக்கும். சொந்த சுருதி மீளும்போது மொத்தக் குழுவும் முழங்கும். சுருதி திரும்பியதை இலக்கணம் அறியாத காதும் உணர்வது அதனால்தான்.

நால்வர் இசை

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்தது குவார்டெட். ஹைடன் 68 குவார்டெட்கள் எழுதினார். 1772இல் எழுதிய ஓபஸ் (படைப்பு எண்) 20 தொகுதியில் செல்லோ வெறும் அடிக்குரலாக நில்லாமல் மெட்டையே ஏந்துகிறது. 1781இல் வந்த ஓபஸ் 33 தொகுதியைப் புதிய, தனித்த முறையில் எழுதப்பட்டதாக அவரே அறிவித்தார். ஒரு சிறு துணுக்கை நால்வரும் மாறி மாறி எடுத்துப் பேசுவது அதன் சிறப்பு. இப்போது துணைக்குரலாக இருப்பது அடுத்த பாரில் தலைக்குரலாகும். அவரைவிட 24 வயது இளையவரான மொசார்ட் அதை ஆழ்ந்து கற்று, ஆறு குவார்டெட்களை எழுதி 1785இல் ஹைடனுக்கே காணிக்கையாக்கினார். கேட்பவரைவிட வாசிப்பவருக்கே பேரின்பம் தரும் இசை இது. இரண்டாம் வயலின்காரரும் வியோலாக்காரரும் மற்றவர்களைக் கூர்ந்து கேளாமல் ஒரு வரிகூட நகர முடியாது.

சந்தை திறந்தபோது

1779இல் ஹைடனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. படைப்புகள் இளவரசருக்கு மட்டுமே என்ற விதி நீங்கியது. வியன்னாவின் அர்த்தாரியா பதிப்பகம் அவர் இசையை அச்சிட்டது. பாரிஸ் நகரக் கச்சேரி அமைப்பு ஒன்று 82 முதல் 87 வரையிலான சிம்பொனிகளைக் கேட்டு வாங்கியது. 1790இல் நிக்கோலஸ் இறந்ததும் வாரிசு குழுவைக் கலைத்தார். ஹைடனுக்கு ஓய்வூதியமும் பதவிப் பெயரும் மிஞ்சின. லண்டனில் கச்சேரி நடத்திவந்த வயலின் கலைஞர் சாலமன் வியன்னாவுக்கே வந்து அவரை அழைத்துச் சென்றார். 1791 புத்தாண்டு நாளில் ஹைடன் இங்கிலாந்து மண்ணில் இறங்கினார். இங்கிலாந்துக்கு மேற்கொண்ட இரண்டு பயணங்களுக்கும் சேர்த்து 12 சிம்பொனிகள் எழுதினார். ஐசென்ஸ்டாட்டில் 15 பேரோடு தொடங்கியவருக்கு 1795இல் ஏறத்தாழ 60 பேர் வாசித்தார்கள். காசு கொடுத்து நுழைந்த பெருங்கூட்டத்துக்காக எழுதியதால் தொடக்கங்கள் கம்பீரமாயின, அதிர்வுகள் பெரிதாயின. அரண்மனையில் முப்பது ஆண்டுகள் சோதித்த கைத்திறன் இதற்கெல்லாம் முதலாக அமைந்தது.

மொசார்ட் வேறு வழி சென்றார். 1781இல் சால்ஸ்பர்க் பேராயரின் பணியை விட்டு வியன்னாவில் தனித்துத் தொழில் நடத்தினார். 1784இல் தம் சந்தாக் கச்சேரிக்குச் சேர்ந்த 174 பேரின் பெயர்களைத் தந்தைக்கு எழுதி அனுப்பினார். அந்த ஓராண்டில் மட்டும் ஆறு பியானோ கான்செர்ட்டோக்கள் பிறந்தன. வரவு நிலையாக இல்லை. 1791இல் 35 வயதில் இறந்தார். பீத்தோவன் 1792இல் ஹைடனிடம் பாடம் கேட்க வியன்னா வந்தார். 1809இல் மூன்று பிரபுக்கள் சேர்ந்து அவருக்கு ஆண்டுக்கு 4000 புளோரின் தர ஒப்புக்கொண்டார்கள். வியன்னாவை விட்டுப் போகாதிருப்பதே நிபந்தனை. சீருடையும் இல்லை, முன்கூடத்தில் காத்திருப்பும் இல்லை. அதே ஆண்டு மே 31 அன்று, நெப்போலியனின் படை வியன்னாவில் இருந்தபோது ஹைடன் காலமானார்.

கேட்கத் தொடங்குவோருக்கு

இந்த இசையை முதன்முதலாகக் கேட்பவர்கள் ஹைடனின் 6ஆம் சிம்பொனியில் தொடங்கலாம். ஒவ்வொரு கருவியும் தன்னை அறிமுகம் செய்துகொள்வதை அதில் கேட்கலாம். அடுத்து 45ஆம் சிம்பொனி. பிறகு ஓபஸ் 33இல் ஒரு குவார்டெட்டை எடுத்து, முதல் முறை மெட்டைப் பின்தொடர்ந்தும் இரண்டாம் முறை வியோலாவை மட்டுமே பின்தொடர்ந்தும் கேட்க வேண்டும். இரண்டு வேறு இசைகள் கிடைக்கும். அதன்பின் மொசார்ட் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய குவார்டெட்களும், ஹைடனின் கடைசி சிம்பொனியான 104உம், பீத்தோவனின் முதல் சிம்பொனியும். முதற்பகுதியில் தொடக்க சுருதி எப்போது விலகுகிறது, எப்போது மீள்கிறது என்ற ஒன்றை மட்டும் காது பிடித்துக்கொண்டால் போதும். மற்ற நுட்பங்கள் தாமே வந்து சேரும். முடிந்தால் ஒரு முறையாவது பதிவை விட்டுவிட்டு நேரில் போய், வாசிப்பவர்கள் கண்ணால் ஒருவருக்கொருவர் சைகை செய்துகொள்ளும் தூரத்தில் அமர்ந்து கேளுங்கள். இந்த இசை அந்தத் தூரத்துக்காகவே எழுதப்பட்டது.